கூடப்பிறந்த பை

எனக்கு இருபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, கண்டியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு ஒரு தபாலட்டை வந்தது. நான் அப்போது எல்கடுவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், டிஸ்பென்சரியை ஒட்டிய வீட்டில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். ஆனால் தபாலட்டை போய்ச் சேர்ந்தது மாத்தளை டவுனில் இருந்த அப்பாவின் சாப்பாட்டுக் கடைக்கு. ஆஸ்பத்திரியின் பழைய புத்தகத்தில் எனக்கு வயது பதினொன்று. விலாசம் அப்பாவின் கடை.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. தட்டெழுத்தில் இருந்த என் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்திருக்கிறார். பகல் சாப்பாட்டு நேரம், கடை நிறைய ஆட்கள். கல்லாவில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, கட்டியிருந்த சாரத்தோடேயே பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டார்.

என் கணவர்தான் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சர். காய்ச்சல், வயிற்றோட்டம், கத்திக் காயம், அட்டைக்கடி எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் சனங்கள் வருவார்கள். அப்பா நீட்டிய தபாலட்டையை வாங்கி ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பித்தக் குழாயில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது, சுகமாக இருந்தாலும் ஒருதடவை கிளினிக்குக்கு வந்து போகவும் என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து.

“சுகமா இருந்தாலும்னா என்னங்க அர்த்தம்?” என்று கேட்டேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தச் சத்திரசிகிச்சையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலைந்து வயதிலிருந்தே எனக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வரும். வந்தால் இரண்டு நாள் சுருண்டு கிடப்பேன். கண் மஞ்சளாகும், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். ஒரு வாரத்தில் எல்லாம் தானாகவே சரியாகி, மறுபடி ஓடியாடத் தொடங்கிவிடுவேன். எங்கள் கடையில் வடை, போண்டா, எண்ணெய்ச் சட்டி என்று நாள் முழுக்கப் புகை. அந்த எண்ணெய்தான் காரணம் என்று அம்மா முடிவுகட்டி, கடைப் பலகாரம் எதுவும் என் கையில் படாமல் பார்த்துக்கொண்டாள். மாத்தளையிலேயே வாய்க்கு ருசியான வடை எங்கள் கடை வடைதான் என்று ஊரே சொன்னது. எனக்குக் கிடைத்ததெல்லாம் மோரில் கலக்கிய கீழாநெல்லி.

பதினோராவது வயதில் ஒரு நாள் குளிப்பாட்டும்போது என் வயிற்றில் ஒரு கட்டி அம்மாவின் கையில் தட்டுப்பட்டது. பலாபத்வலையில் ஒரு வெதமாத்தயா இருந்தார். சிங்கள வைத்தியர், காமாலைக்குக் கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். அப்பா என்னை அவரிடம் கூட்டிப்போனார். அவர் என்னைப் பாயில் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நெடுநேரம் விரலால் அழுத்திப் பார்த்தார். எண்ணெயோ குடிநீரோ எதுவும் தரவில்லை. இது சூட்டில் வந்த காமாலை இல்லை, உள்ளே ஏதோ ஒரு காய் மாதிரி இருக்கிறது, இதற்கு என்னிடம் மருந்து கிடையாது, நாளைக் காலை ரயில் கோச்சியிலேயே கண்டிக்குக் கொண்டுபோ என்று அப்பாவிடம் சொன்னார். காணிக்கைக்கு வைத்த வெற்றிலையைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த மனிதரால்தான் நான் பிழைத்தேன் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்டியில் வெள்ளை முடியோடு ஒரு பெரிய டொக்டர். அவர் ஒரு தாளில் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினார். பக்கத்தில் நின்ற நர்சம்மா தமிழில் சொன்னாள். ஈரலில் ஊறும் பித்தம் ஒரு குழாய் வழியாகக் குடலுக்கு இறங்க வேண்டும். பென்சில் தடிப்பில் இருக்க வேண்டிய அந்தக் குழாய் எனக்கு மாங்காய் அளவுக்கு ஊதிப் பையாக நின்றிருந்தது. சாப்பாட்டினாலோ எண்ணெயினாலோ வந்ததில்லை. தாயின் வயிற்றிலேயே அப்படி அமைந்துவிட்டது. இதைக் கேட்டபோது அம்மா அழுதாள் என்றும், வடை கொடுக்காமல் இத்தனை வருஷம் வைத்திருந்தோமே என்றுதான் அழுதாள் என்றும் அப்பா பிறகு சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காலத்தில் அந்தப் பையை வெட்டி எடுக்க மாட்டார்கள். எடுப்பது உயிருக்கு ஆபத்து என்று உலகம் முழுக்க அதை உள்ளேயே விட்டுவைத்தார்கள். பைக்கும் குடலுக்கும் நடுவில் ஒரு வாசல் வைத்துத் தைத்துவிடுவார்கள். பித்தம் அந்த வழியாக வடிந்துவிடும். எனக்கும் அதைத்தான் செய்தார்கள். இருபது நாளில் வீட்டுக்கு வந்தேன். காமாலை அதோடு போயிற்று. வருஷத்தில் இரண்டு மூன்று தடவை குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் மட்டும் வரும். அது போகட்டும், உடம்பு என்றால் ஏதாவது இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். வயிற்றில் குறுக்கே ஒரு சாண் நீளத் தழும்பு மிஞ்சியது.

அந்தத் தழும்பைப் பற்றி என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் மறைக்கக் கூடாது என்பதில் அப்பா கறாராக இருந்தார். அதனால் இரண்டு இடம் கைவிட்டுப் போனது. மூன்றாவதாகத் தன் அக்காவோடு வந்தவர்தான் இந்த டிஸ்பென்சர். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்ணிடம் இரண்டு வார்த்தை கேட்கலாமா என்று அனுமதி கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

“தழும்பு எந்தப் பக்கம்?”

“வலது பக்கம். விலாவுக்குக் கீழ.”

“குறுக்கயா, நேராவா?”

“குறுக்க.”

“இப்ப கண்ணு மஞ்சளாகுறது உண்டா?”

“இல்லீங்க. காய்ச்சல் மட்டும் வரும்.”

“அப்ப வடிகால் நல்லா வேல செய்யுது,” என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அவர் அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்கு அந்த மனிதரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. அதுவரை என் வயிற்றைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசியிருந்தார்கள்.

மலையில் என் வாழ்க்கைக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குத் தப்பு அடிக்கும்போது கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். அவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கத் தொடங்கினேன்; கொஞ்ச நாளில் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் துணியோடு வந்தார்கள். மூன்றாவது வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவளுக்கும் என்னைப் போலவே இருக்குமோ என்று பயந்து, பிறந்த அன்றே கண்ணின் வெள்ளையை விரித்து விரித்துப் பார்த்தேன். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை என்று என் கணவர் யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். எனக்குக் காய்ச்சல் வரும் நாட்களை அவர் ஒரு அப்பியாசக் கொப்பியில் குறித்துவைப்பார். மாத்திரை கொடுப்பார், நான்கு நாளில் எழுந்துவிடுவேன். என் நோயைத் தன் கைக்குள் வைத்திருப்பதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

தபாலட்டையைப் பார்த்த மறுவாரம் இரண்டு பேரும் கண்டிக்குப் போனோம். பாண் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற காலம். ஆஸ்பத்திரி வரிசை அதைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. பழைய டொக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் இடத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒருவர், என் கணவர் வயதிருக்கும். அட்டையைக் காட்டியதும் கதிரையை விட்டு எழுந்து வந்து என்னை உட்காரச் சொன்னார். பழைய சத்திரசிகிச்சைப் புத்தகத்தைப் புரட்டி, என்னைப் போல வடிகால் வைத்தவர்களுக்கெல்லாம் அவர் அட்டை போட்டிருக்கிறார். பல அட்டைகள் ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டனவாம். சிலர் இந்தியாவுக்குக் கப்பலேறியிருப்பார்கள், சிலர் வீடு மாறியிருப்பார்கள். நேரில் வந்து நின்ற முதல் ஆள் நான்தான்.

அவர் என் கணவரிடம் இங்கிலீஷிலும் என்னிடம் நிதானமான சிங்களத்திலும் மாறி மாறிப் பேசினார். அவர் சொன்னது இதுதான். வடிகால் வைத்தது அன்றைக்குச் சரியான வேலை. ஆனால் பை உள்ளேயே இருக்கிறது. அதில் பித்தம் தேங்குகிறது. கணையத்தில் ஊறும் நீர் ஏறி வந்து கலக்கிறது. குடலில் இருப்பதும் எதுக்களித்து உள்ளே வருகிறது. இந்தக் காய்ச்சலெல்லாம் அதனால்தான். இப்படி வருஷக்கணக்காகப் பையின் உள்தோல் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி, கடைசியில் சிலருக்குப் புற்றுநோயாக மாறுகிறது. இது இப்போதுதான் டொக்டர்களுக்குத் தெளிவாகத் தெரிய வந்திருக்கிறது. அதனால் வெளிநாடுகளில் பையை முழுசாகவே எடுத்துவிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

“எனக்கு வந்திருக்கா?” என்று கேட்டேன்.

“இப்போதைக்கு அப்படி ஒரு அறிகுறியும் தெரியல. இனிமே வரும்னு என்னால சொல்ல முடியாது. வராதுன்னும் சொல்ல முடியாது. ஆனா மத்தவங்கள விட உங்களுக்கு அந்த ஆபத்து ரொம்பக் கூட. வயசாக ஆக இன்னும் கூடும்.”

எடுப்பதிலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. ஒருமுறை அறுத்த இடம்; உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்; பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய்கள். யோசித்து வாருங்கள், அவசரமில்லை, ஆனால் வருஷக்கணக்காகத் தள்ளிப்போடாதீர்கள் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வழக்கமாக வழியில் யார் ஏறினாலும் நடையைப் பார்த்தே இவருக்கு மூட்டுவாதம், இவருக்குப் புழு என்று என் காதில் சொல்லிக்கொண்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சல் குறித்த கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். காய்ச்சலைத் தணித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேனே, ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டேனா என்றார். டொக்டர்களுக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக் கொப்பியை வாங்கி வைத்தேன்.

மாத்தளையில் அம்மா ஒரே பிடியாக நின்றாள். “நல்லா இருக்கிற வயித்த எதுக்குக் கிழிக்கணும்? வராத நோய்க்கு வைத்தியமா?” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. முந்தின நாள்கூட மூன்று சட்டை வெட்டித் தைத்திருந்தேன். அப்பா மட்டும், அன்றைக்கே அதை எடுத்துவிடச் சொல்லித் தான் கேட்டிருக்க வேண்டுமோ என்று ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு எடுத்திருந்தால் நான் பிழைத்திருக்க மாட்டேன், கல்யாணமும் ஆகியிருக்காது, உங்கள் பேத்தியும் இருக்க மாட்டாள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு எழுந்து கடைக்குப் போனார்.

எதற்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு வாரம் கண்டி ஆஸ்பத்திரி வாட்டில் சேர்ந்தேன். மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். எனக்குக் கொடுத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் பல்லேகமவைச் சேர்ந்த ஒரு சிங்களப் பெண் படுத்திருந்தாள். என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். வயலும், காட்டை எரித்துக் கேழ்வரகு விதைக்கிற குரக்கன் சேனையும் பார்த்து உழைத்த உடம்பு, எலும்பெடுத்துப் போயிருந்தது. முகமும் கையும் கண்ணும் அப்படி ஒரு மஞ்சள். ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தாள். பித்தம் ரத்தத்தில் ஏறினால் அப்படி அரிக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

நான் ஒரு துணியை நனைத்து அவள் முதுகைத் துடைத்துவிட்டேன். என்ன நோய்க்கு வந்தாய் என்று கேட்டாள். சொன்னேன். அவள் புரண்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, உன் தழும்பைக் காட்டு என்றாள். காட்டினேன். அவளும் தன் சட்டையை விலக்கினாள். அவள் வயிற்றில் புதிதாக ஒரு வெட்டு இருந்தது. அதற்கு மேலே பழைய தழும்பு ஒன்று. என்னுடையதைப் போலவே அதே பக்கம், அதே சாய்வு, அதே நீளம். இரண்டு பேருக்கும் ஒரே கை தைத்திருக்கிறது.

அவள் சிரித்தாள். “ஒரே தையக்காரன்கிட்டதான் ரெண்டு பேரும் தச்சிருக்கோம் நங்கி,” என்றாள். நங்கி என்றால் தங்கை. நான் அவளை அக்கே என்றேன். சிங்களத்தில்தான் பேசிக்கொண்டோம்.

அவளுக்குப் பையில் புற்று வந்து ஈரல்வரை ஏறியிருந்தது. புது டொக்டர் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் செய்ய முடியாமல் மூடிவிட்டார். இதை அவளே எனக்குச் சொன்னாள். சேனையில் பன்றி இறங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“எனக்கு ஒருத்தரும் சொல்லல நங்கி. சொல்றதுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. நான் இங்க வந்து படுத்த பெறகுதான் அந்த டொக்டருக்குப் பழைய புத்தகத்தத் தேடணும்னு தோணிச்சு. ஒனக்குக் கார்டு வந்தது என்னாலதான்.”

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு கர்வம் இருந்தது. நான் துணியை மறுபடி நனைத்தேன்.

“எடுத்துடு,” என்றாள். “யோசிச்சிட்டு இருக்காத. ஒனக்குச் சொல்லிட்டாங்கல்ல.”

அன்று பகல் பார்வையாளர் நேரத்தில் என் கணவர் சாப்பாட்டோடு வந்தார். நான் அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இத்தனை நாளாக நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லையே, உங்கள் எண்ணம் என்ன என்று நேராகவே கேட்டேன்.

“நான் சொன்னா, அது டிஸ்பென்சர் சொல்றதா புருஷன் சொல்றதான்னு எனக்கே தெரியல புள்ள.”

“சரி, ரெண்டு பேரும் தனித்தனியா சொல்லுங்க.”

அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “டிஸ்பென்சர் செஞ்சிடுன்னு சொல்றான். புருஷன் வேணாங்குறான்.”

“அப்ப நான் டிஸ்பென்சர் பேச்சையே கேக்குறேன். புருஷன நீங்க பாத்துக்குங்க.”

அவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. போய் டொக்டரைப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயில் பை அப்படியே தெரிகிறதாம், அடுத்த புதன்கிழமை சத்திரசிகிச்சை என்று வந்து சொன்னார்.

சத்திரசிகிச்சைக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். செய்தி தோட்டத்தில் பரவி, திங்கட்கிழமை காலை தேயிலைப் பெட்டி ஏற்றும் லொறியில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். நாலு பேர் நான் சட்டை தைத்துக் கொடுத்த பெண்கள். எல்லாரும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் பரிசோதித்துப் பார்த்ததில் மூன்று ஆண்களின் ரத்தத்தை மட்டும்தான் எடுத்தார்கள். மற்ற ஐந்து பேருக்கும் ரத்தம் போதாது, இவர்களுக்கே ஏற்ற வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பொட்டலம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண்களுக்குக் கோபமான கோபம். “டிஸ்பென்சரம்மாவுக்கு ரத்தம் குடுக்க வந்தா, எங்களப் போயி நோயாளின்னு சொல்றாங்களே,” என்று என் கட்டில் பக்கம் நின்று முறையிட்டார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு பிரட்டுக் களத்திலேயே நின்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாப் பெண்களுக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்து, கண் முன்னால் விழுங்கவைத்துவிட்டுத்தான் கொழுந்துக்கு அனுப்புவார். தோட்ட நிர்வாகத்திலிருந்து அதற்கு மறுப்பு வந்தபோதும் விடவில்லை.

புதன்கிழமை காலை ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பல்லேகம அக்கே முந்தின நாள்தான் வீட்டுக்குப் போயிருந்தாள். போகும்போது என் தலைமாட்டில் நின்று, புத்தரிடமும் உங்கள் மாரியம்மனிடமும் சொல்லிவைக்கிறேன், யாராவது ஒருவர் கேட்பார் என்றாள்.

எல்லாம் முடியப் பகல் ஒரு மணி தாண்டிவிட்டதாம். டொக்டர் அந்தப் பையையும் அதோடு பித்தப்பையையும் எடுத்துவிட்டு, ஈரலின் வாசலில் நின்ற குழாயைக் குடலின் ஒரு வளையத்தோடு இணைத்திருந்தார். பின்பக்கம் பெரிய ரத்தக் குழாயில் ஒட்டியிருந்த இடத்தில் மட்டும், சுவரை விட்டுவிட்டு உள்தோலை உரித்து எடுத்தாராம். முதல் ஐந்து நாள் பட்ட வலியை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். எதற்கு இதற்கு ஒத்துக்கொண்டோம் என்று பல தடவை நினைத்தேன். ஆறாவது நாள் ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கக் கொடுத்தார்கள். அந்தத் தேத்தண்ணியைப் போல ஒன்றை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

டொக்டர் ஒரு போத்தலில் அந்தப் பையைக் கொண்டுவந்து காட்டினார். நான் பயங்கரமாக ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஊறிப்போன பழைய தோல் பர்ஸ் மாதிரி, சுருங்கி, ஒரு கையளவுதான் இருந்தது. என்னோடு பிறந்து, என்னோடு வளர்ந்து, என் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் கூடவே இருந்தது அது. அதைப் பார்த்து எனக்கு அருவருப்போ கோபமோ வரவில்லை. போய் வா என்று மனதுக்குள் சொன்னேன். கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனார்.

முடிவு வர மூன்று வாரத்துக்கு மேலாயிற்று. நான் மாத்தளையில் அம்மா வீட்டில் இருந்தேன். இந்த முறை என் கணவர்தான் கண்டிக்குப் போய்விட்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே அவர் நடை சொல்லிவிட்டது. புற்றுநோய் இல்லை. ஆனால் பையின் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் உள்தோல் மாறத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வருஷம் விட்டிருந்தால், என்று டொக்டர் ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லையாம். அம்மா இதைக் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. வராத நோய்க்கு வைத்தியமா என்ற பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் நானும் அவரும் பல்லேகமவுக்குப் போனோம். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற பாதை, பஸ்ஸுக்கே மூச்சு வாங்கும். அக்கே இஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவள் புருஷன் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி, கருப்பட்டித் துண்டு வைத்துக் கொடுத்தார். முடிவைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு, அன்று போலவே, தழும்பைக் காட்டு என்றாள். ஆண்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்து, “இவன் தையல் பழையவன விட நேர்த்தி,” என்றாள். அடுத்த மாதம் அவள் போய்விட்டாள். அவளைப் பற்றி நினைக்கும்போது எனக்குத் துக்கம் வருகிறது. ஆனால் கூடவே அவளுடைய அந்தக் கர்வமும் ஞாபகம் வந்து முகத்தில் சிரிப்பையும் கொண்டுவந்துவிடுகிறது.

காய்ச்சல் அதோடு நின்றுபோனது. கொப்பியில் மிச்சப் பக்கங்களை மகள் கணக்குப் போட எடுத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது பெண் பிறந்தாள். ஈரலுக்குள் இருக்கும் சின்னக் குழாய்களில் என்ன இருக்கிறது என்று யாராலும் முழுசாகச் சொல்ல முடியாது, அந்த ஆபத்து குறைந்திருக்கிறதே தவிர அறவே போய்விடவில்லை, அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

அந்தக் கண்டிப் பயணம் போகப் போக எங்களுக்குத் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. காலைக் கோச்சியில் போவோம். கிளினிக்கில் கண்ணைப் பார்ப்பார்கள், வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். பிறகு சந்தையில் துணி பார்ப்போம், குளக்கரையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடுவோம். டொக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது என் கோப்பு முழுவதையும் என் கையிலேயே கொடுத்தார். இது உங்களிடம் இருக்கட்டும், எந்த ஊருக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார். அடுத்த வருஷம் அவர் இடத்தில் இருந்த இளம் டொக்டர் கோப்பைப் பிரித்துவிட்டு, என்ன செய்திருக்கிறார்கள் என்று என் கணவரைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டார். அவர் வாயைத் திறந்தார். நான் அவர் முழங்கையைத் தொட்டேன்.

“நீங்க இருங்க, நான் சொல்றேன்,” என்று சொல்லி, மேசையிலிருந்த பென்சிலை எடுத்து அந்த டொக்டருக்குப் படம் போட்டுக் காட்டினேன்.